திரையில் அறிகுறி, காரணம் வேறிடத்தில்: போர்க்கள டிஜிட்டல்மயத் திட்டத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

வாகனங்களில் திரை, ஜிபிஎஸ், ரேடியோ பொருத்தி எல்லாரையும் ஒரே வலையில் இணைத்து ஒரு தரைப்படையை டிஜிட்டல்மயமாக்கும் திட்டத்தை ஒருங்கிணைக்கிறவரிடம் வந்து சேரும் புகார் பெரும்பாலும் ஒரே வரியில் இருக்கும்: "சிஸ்டம் வேலை செய்யவில்லை." அதை அப்படியே தொழில்நுட்பப் பிரிவுக்குத் தள்ளிவிட்டால் ரேடியோக்காரர் மென்பொருளைக் கைகாட்டுவார், மென்பொருள்காரர் ரேடியோவைக் கைகாட்டுவார், இருவரும் சேர்ந்து படையினருக்குப் பயிற்சி போதாது என்பார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கும் என்பதுதான் தொல்லை. இத்திட்டங்களில் தலைவலி கொடுக்கும் பழுதுகள் ஒரு பெட்டிக்குள் இருப்பதில்லை. ஓர் அலுவலகத்தின் பொறுப்பு முடிந்து இன்னோர் அலுவலகத்தின் பொறுப்பு தொடங்கும் இடைவெளியில் இருக்கின்றன. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் வாகனத்தருகே பார்க்க வேண்டியதும் உண்டு, அலுவலகத்தில் கேட்க வேண்டியதும் உண்டு.

புகாரைப் பதிவுசெய்யும்போதே ஐந்து விஷயங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: யார் பார்த்தார், திரையில் சரியாக என்ன தெரிந்தது, எத்தனை மணிக்கு, எந்த மென்பொருள் பதிப்பு, வாகனம் ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா. "இணைப்பு போய்விட்டது" என்பது அறிகுறி அல்ல, ஒருவர் எடுத்த முடிவு. "அனுப்பும் பொத்தானை அழுத்தினேன், மஞ்சள் விளக்கு அணையவே இல்லை" என்பதே அறிகுறி.

அறிகுறி 1: நம் வாகனங்களின் குறிகள் தவறான இடத்தில் நிற்கின்றன

முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தவறாகத் தெரிவது ஒரே வாகனமா, ஒரு கம்பெனி (பட்டாலியனுக்குக் கீழ் உள்ள சிறு படைப்பிரிவு) முழுவதுமா, அல்லது அருகில் இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரிந்து மேல் தலைமையகத்துக்கு மட்டும் தவறாகத் தெரிகிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு. சரிசெய்கிற ஆளும் வேறு.

ஒரே வாகனம் என்றால் அந்த வாகனத்துக்குள் ஏறி, அதன் திரை தன் இடத்தை எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். அங்கேயே தவறு என்றால் ஜிபிஎஸ் ஆன்டெனா, அதன் கேபிள் இணைப்பு, வாகனத்தின் மேல் ஏற்றிக் கட்டிய மறைப்பு வலையும் மூட்டைகளும் என்ற வரிசையில் பாருங்கள். மூட்டைகள்தான் நாம் நினைப்பதைவிட அதிகமாகக் குற்றவாளியாக இருக்கும். வாகனத்தின் திரையில் இடம் சரி, அடுத்தவர் திரையில்தான் தவறு என்றால் ஜிபிஎஸ்ஸை விட்டுவிட்டு ரேடியோவுக்குப் போங்கள்.

கம்பெனியின் எல்லாக் குறிகளும் ஒரே திசையில், ஒரே அளவு தூரம் விலகி நிற்கின்றனவா? பழுது கருவியில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. ஜிபிஎஸ் தரும் ஆயத்தொலைவு டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலக அளவுகோலில் வருகிறது. பழைய நில அளவை முறைப்படி அச்சான வரைபடத்தை யாரோ மாற்றாமலே ஏற்றிவிட்டால் சில நூறு மீட்டர் வரை விலகும். எந்த அடிப்படை அளவை என்பதை வரைபடப் பிரிவும் பீரங்கிப் பிரிவும் சேர்ந்து ஒரே ஆணையாக வெளியிட்டிருக்கின்றனவா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டு ஆணைகள் இருந்தால் ஆணையே இல்லை என்று பொருள்.

மேல் தலைமையகத்துக்கு மட்டும் தவறு என்றால், அது பெரும்பாலும் தவறே அல்ல, பழையது. 2003 இராக் போரில் அமெரிக்கப் படை பயன்படுத்திய செயற்கைக்கோள் வழிக் கண்காணிப்புக் கருவிகளில் இடத்தகவல் நிமிடக் கணக்கில் தாமதமாகத்தான் வந்தது. பின்னர் வந்த தலைமுறையில்தான் அது நொடிக் கணக்குக்கு இறங்கியது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாகனம் 5 நிமிடத்தில் 3 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். திரையில் அந்தக் குறி நேற்று வரைந்ததுபோலத் திடமாக, நம்பிக்கையாக நின்றுகொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு குறியின் வயதும் அதன்மேலேயே தெரியவேண்டும். குறிப்பிட்ட நிமிடம் தாண்டினால் நிறம் மங்கவேண்டும். திரையில் குறி இல்லை என்பதை மட்டும் வைத்து யாரும் சுட அனுமதி தரக்கூடாது. முதல் இரண்டும் மென்பொருள் வேலை. மூன்றாவது, போர் நடவடிக்கைகளைத் திட்டமிடும் நடவடிக்கைப் பிரிவு எழுதவேண்டிய விதி. மூன்றையும் ஒரே நாளில் அமலாக்குவது ஒருங்கிணைப்பாளரின் வேலை.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டியது ஒன்று. 2001 டிசம்பர் 5 அன்று ஆப்கானிஸ்தானில் காந்தகாருக்கு அருகே, வான்தாக்குதலை வழிநடத்திய அமெரிக்க வீரர் கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியின் பேட்டரியை மாற்றினார். கருவி மறுபடி உயிர்பெற்றபோது எதிரியின் இடத்துக்குப் பதில் தான் இருக்கும் இடத்தையே காட்டியது. அந்த எண்கள்தான் பி-52 குண்டுவீச்சு விமானத்துக்குப் போயின. 3 அமெரிக்கச் சிறப்புப் படையினரும் அவர்களுடன் இருந்த ஆப்கன் போராளிகளும் இறந்தார்கள். பின்னாளில் ஆப்கன் அதிபரான ஹமீத் கர்சாய் காயமடைந்தார். இதில் கருவி பழுதாகவில்லை, வடிவமைத்தபடியேதான் நடந்துகொண்டது. உங்கள் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு கருவியையும் அணைத்துப் போட்டால் முதலில் எதைக் காட்டுகிறது என்பதை ஒரு பட்டியலாக எழுதி வைத்திருக்கிறீர்களா? பேட்டரியைக் கழற்றிப் பார்த்தே எழுதவேண்டும். கையேட்டைப் பார்த்து அல்ல.

அறிகுறி 2: பாதி வண்டிகள்தான் நெட்வொர்க்கில் ஏறுகின்றன

நேரம், சாவி, முகவரி. இந்த வரிசையிலேயே பாருங்கள். வரிசையை மாற்றினால் அரைநாள் போய்விடும்.

நேரம். அலைவரிசை தாவும் ரேடியோக்கள் எல்லாம் ஒரே தாளத்தில் தாவவேண்டும். ஒரு ரேடியோவின் கடிகாரம் அனுமதித்த அளவைவிட விலகிவிட்டால் அது ஊமையாகிவிடும்; பிழைச் செய்தி எதுவும் வராது. இரவு முழுவதும் அணைத்து வைத்திருந்த வாகனங்களும், ஜிபிஎஸ் நேரம் பெறாத வாகனங்களும்தான் முதல் சந்தேகத்துக்குரியவை.

கடிகார விலகலைச் சின்ன விஷயம் என்று எண்ணுபவர்களுக்கு 1991 பிப்ரவரி 25 போதும். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் எதிரி ஏவுகணைகளை வானிலேயே தடுக்கும் ஒரு பேட்ரியாட் ஏவுகணைத் தளம் 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. மென்பொருளின் நேரக் கணக்கு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு விலகியது. இராக்கிலிருந்து வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறான இடத்தில் தேடியது; 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். மென்பொருள்காரர்களுக்கு இந்தக் குறை முன்பே தெரியும். "மிக நீண்ட நேரம்" ஓடவிட்டால் விலகல் வரும் என்று தளங்களுக்குச் செய்தியும் போயிருந்தது. எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்தது மறுநாள். உங்கள் அலுவலகத்திலிருந்து போகும் எச்சரிக்கைகளில் "நீண்ட நேரம்", "அவ்வப்போது", "தேவைப்பட்டால்" போன்ற சொற்களைத் தேடி எடுத்துவிட்டு எண்ணை எழுதுங்கள்.

சாவி. செய்திகளை ரகசியமாக்கும் குறியாக்கச் சாவி மாறும் நேரத்தில் பட்டறையில் இருந்த வாகனம் பழைய சாவியோடு திரும்பி வரும். சிக்னல் ஹவில்தார் சாவி ஏற்றும் கருவியோடு வண்டி வண்டியாகப் போகிற காட்சியை ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள்: வண்டிக்குள் இறங்கி, கேபிளைச் செருகி, ரேடியோவின் முகப்பில் நிலையை மாற்றி, ஏறியது என்ற ஒலிக்குக் காத்திருந்து, கையிலுள்ள தாளில் வண்டி எண்ணுக்கு நேரே ஒரு கோடு. அந்தத் தாளில் இல்லாத வண்டிக்குச் சாவி கிடைக்காது. தாளை யார் தயாரிக்கிறார்கள்? வாகனப் பிரிவா, சிக்னல் பிரிவா? பட்டறையிலிருந்து வண்டி வெளியேறும்போது சிக்னல் பிரிவுக்குச் சொல்லவேண்டும் என்று எந்தப் படிவத்திலாவது இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. அந்த ஒரு கட்டத்தைப் படிவத்தில் சேர்த்தால் இந்த அறிகுறியில் பெரும்பகுதி ஓய்ந்துவிடும்.

முகவரி. இதுதான் ஆழமானது. டிஜிட்டல் படையில் எந்தக் கம்பெனி எந்தப் பட்டாலியனுக்குக் கீழ் என்பது ஆணையில் மட்டும் இல்லை. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஏற்றிய தரவில் இருக்கிறது. யாருடைய செய்தி யாருக்குப் போகவேண்டும், எந்தக் குழுவுக்கு எந்த எண் என்பதெல்லாம் முன்கூட்டியே அங்கே அச்சாகியிருக்கும். நள்ளிரவில் நடவடிக்கைப் பிரிவு ஒரு டாங்கிக் கம்பெனியைப் பக்கத்துப் பட்டாலியனோடு சேர்க்கிறது. ஆணையில் அது ஒரே வரி. காலையில் அந்தக் கம்பெனி புதிய இடத்தில் நிற்கிறது, ஆனால் அதன் அறிக்கைகள் பழைய பட்டாலியனுக்கே போகின்றன. புதிய தளபதியின் திரையில் அவர்கள் அந்நியர்களாக நிற்கிறார்கள், சிலசமயம் நிற்பதே இல்லை. ரேடியோவைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை. படையமைப்பை மாற்றத் தரவுப் பிரிவுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை அளந்து, அந்த எண்ணை நடவடிக்கைப் பிரிவின் மேசையில் ஒட்டிவையுங்கள். அமலாகும் நேரத்தை ஆணையில் எழுதும் முன் அந்த எண்ணைப் பார்க்கவேண்டும். தளபதிகளுக்கு இது பிடிக்காது. தங்கள் வேகத்தை ஒரு கணினி அறை கட்டுப்படுத்துகிறது என்பார்கள். உண்மைதான்; நேரத்தைக் குறைக்கப் பணமும் ஆளும் கேட்க அதுவே நல்ல வாய்ப்பு.

அறிகுறி 3: "அனுப்பப்பட்டது" என்று காட்டுகிறது, ஆனால் பெறுநர் பார்க்கவில்லை

ஒப்புகையில் பல படிகள் உண்டு. என் கருவியிலிருந்து வெளியேறியது, அவர் கருவிக்குள் நுழைந்தது, அவர் திறந்தார், அவர் ஏற்றுக்கொண்டார். உங்கள் மென்பொருளின் பச்சைக் குறி இதில் எந்தப் படியைச் சொல்கிறது என்று பத்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். விடைகள் ஒத்துப்போகாவிட்டால் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. ஆபத்தான செய்திகளுக்கு, அதாவது தாக்குதல் ஆணை, சுடுவதை நிறுத்து, வேதியியல் எச்சரிக்கை ஆகியவற்றுக்கு, மனிதர் அழுத்தும் ஒப்புகை கட்டாயமாக இருக்கவேண்டும். மற்றவற்றுக்கு அது சுமை.

அடுத்தது நெரிசல். பேச்சுக்காகப் பிறந்த பழைய ரேடியோக்களில் தரவு வேகம் நொடிக்கு 16 கிலோபிட் அளவுதான். 2 மெகாபைட் படம் ஒன்றை அதில் தள்ளினால், வேறு யாருமே பேசாமல் அலைவரிசை முழுவதும் உங்களுக்கே கிடைத்தாலும், ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். நிஜத்தில் முழுதாக ஒருபோதும் கிடைக்காது. அந்த 17 நிமிடத்தில் எத்தனை இடத்தகவல் குறிகள் வரிசையில் காத்திருந்து காலாவதியாகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தலைமையகத்தில் யாராவது காலை விளக்கக் காட்சியைக் கீழே அனுப்பினார்களா என்று முதலில் கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் ஒரு முகம் மாறும்.

1997 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் இர்வின் பாலைவனத்தில் அமெரிக்கத் தரைப்படை பல பட்டாலியன்கள் சேர்ந்த ஒரு முழு பிரிகேடையே டிஜிட்டல் கருவிகளோடு இறக்கிப் பெரிய சோதனை நடத்தியது. போர்முனை இணையம் என்று அவர்கள் அழைத்த வலையில் செய்திகள் உரிய இடத்தைச் சேர்ந்த விகிதம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. ஆனால் நம் படை எங்கே நிற்கிறது என்ற படம் மட்டும் அரைகுறையாக வந்தபோதும் படையினர் அதை விரும்பினார்கள். இதிலிருந்து ஒரு நடைமுறை கிடைக்கிறது: தரவு போகும் குழாய் குறுகும்போது எது முதலில் போகவேண்டும், எது விழுந்தால் பரவாயில்லை என்ற முன்னுரிமைப் பட்டியலை அமைதிக் காலத்திலேயே தளபதி கையெழுத்தோடு எழுதிவிடுங்கள். அதைப் பொறியாளர் முடிவுசெய்தால் தவறு. எல்லாமே முதல் முன்னுரிமை என்று தளபதி எழுதினால் அதைவிடத் தவறு.

அறிகுறி 4: இரண்டு கருவிகளும் தனித்தனியே சரி, சேர்த்தால் பேசுவதில்லை

"இரண்டுமே தரநிலைக்கு இணங்கியவை" என்று இரு ஒப்பந்ததாரர்களும் சான்றிதழ் காட்டுவார்கள். பொய் அல்ல. தரநிலைகளுக்குப் பதிப்புகள் உண்டு. ஒவ்வொரு பதிப்பிலும் செய்தியில் நிரப்பவேண்டிய கட்டாயப் புலங்களும் (கட்டங்களும்) விருப்பப் புலங்களும் உண்டு. ஒருவர் விருப்பப் புலத்தில் பீரங்கி இலக்கின் உயரத்தை வைப்பார். இன்னொருவர் அந்தப் புலத்தைப் படிக்கவே மாட்டார். ராணுவக் குறியீடுகளிலும் இதே கதை: அமெரிக்காவின் 2525 தரநிலையும் நேட்டோவின் ஏபிபி-6 தரநிலையும் நெருங்கிய உறவு, ஆனால் பதிப்பு மாறினால் ஒருவரின் பாலம் இன்னொருவர் திரையில் கேள்விக்குறி.

சோதனையை இப்படி அமையுங்கள். ஒரே ஒரு உண்மையான செய்தியை எடுங்கள். "இந்த இடத்தில் எதிரி டாங்கிகள் நான்கு" போன்ற ஒன்று. அது முன்னணி வீரரின் கையிலிருந்து கிளம்பி, வாகனம், பட்டாலியன், பீரங்கி, மேல் தலைமையகம் என்று போகும் ஒவ்வோர் இடைநிலையிலும் நின்று, உள்ளே வந்தது என்ன, வெளியே போனது என்ன என்று எழுதுங்கள். நான்கு எங்கே "பல" ஆனது? நேரம் எங்கே உள்ளூர் நேரமாக மாறியது? மாறிய இடத்தின் இருபுறமும் உள்ள இரண்டு ஒப்பந்தங்களை எடுத்துப் பார்த்தால், அந்த இணைப்புக்கு யார் பொறுப்பு என்று எதிலும் எழுதியிருக்காது.

இதற்கு மின்னஞ்சல் உதவாது. அமெரிக்கத் தரைப்படை டெக்சாசின் ஃபோர்ட் ஹூடில் முதல் டிஜிட்டல் டிவிஷனுக்குப் பக்கத்திலேயே மத்தியத் தொழில்நுட்ப ஆதரவு மையத்தை அமைத்து, போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள், சோதனையாளர்கள், படையினர் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தது. பெரிய கட்டடம் இல்லாவிட்டாலும் ஓர் அறை வேண்டும். அதில் களத்தில் இருக்கும் அதே பதிப்பு, அதே ரேடியோ, அதே நீளக் கேபிள். நேச நாடுகளோடு என்றால் இன்னும் முன்னதாகவே தொடங்கவேண்டும். ஆப்கானிஸ்தானில் 2010இல் கூட்டுப் பணி வலை உருவாகும்வரை ஒவ்வொரு நாடும் தன் தன் வலைக்குள் இருந்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் நேட்டோவின் இன்றைய கூட்டமைப்பு வலை முயற்சி பிறந்தது.

அறிகுறி 5: கருவிகள் கிடங்குக்கு வந்துவிட்டன, வாகனத்தில் ஏறவில்லை

வாகனத்தில் இடம் இல்லை, மின்சாரம் போதவில்லை, சூடு தாங்கவில்லை, புதிய ரேடியோ பழைய ரேடியோவின் காதை அடைக்கிறது. நான்கும் முன்கூட்டியே அளக்கக்கூடியவை. நான்கும் கடைசியில்தான் அளக்கப்படுகின்றன. 2023இல் ஜெர்மனியில் இது பெரிய செய்தியானது: டிஜிட்டல் ரேடியோக்கள் வாங்கியாகிவிட்டது, வாகனங்களில் பொருத்துவதோ எதிர்பார்த்ததைவிட மிகச் சிக்கலானது. பிரிட்டனின் போமேன் ரேடியோத் திட்டம் அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதே சுவரில் முட்டியிருந்தது. ஒரே பெயர் கொண்ட வாகனங்கள் ஆண்டுக்கணக்கான பழுதுபார்ப்பிலும் மாற்றத்திலும் ஒன்றுபோல் இல்லாமல் போயிருந்தன.

பதிவேட்டில் 'வகை' என்று ஒரே வரியில் இருப்பதை நம்பாதீர்கள். ஒவ்வொரு பட்டாலியனிலிருந்தும் ஒரு வாகனத்தை வரவழைத்து, கதவைத் திறந்து, நாடாவைப் பிடித்து அளந்து, எஞ்சின் அணைந்த நிலையில் கருவிகளை ஓடவிட்டு எத்தனை நேரத்தில் பேட்டரி சாகிறது என்று பாருங்கள். பேட்டரி சாகும் நேரம் எல்லாவற்றையும்விட முக்கியம். கண்காணிப்பு நிலையில் எஞ்சினை ஓடவிட்டால் அந்த ஒலியும் வெப்பமும் எதிரிக்கு விருந்து.

அறிகுறி 6: நேற்றுவரை ஓடியது, புதுப்பித்ததும் நின்றுவிட்டது

பழைய பதிப்புக்குத் திரும்புங்கள். திரும்ப வழி இல்லை என்றால், பழுது மென்பொருளில் அல்ல, புதுப்பிக்க அனுமதித்த முறையில் இருக்கிறது.

எந்த வண்டியில் எந்தப் பதிப்பு என்பதற்கு ஒரே பதிவேடு இருக்கவேண்டும். பெரிய பயிற்சிக்கோ பணிக்கோ முன்னால் ஒரு தேதியை நிர்ணயித்து, அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும் உள்ளே விடக்கூடாது. யோசனை கொண்டுவருகிறவர் ஜெனரலாக இருந்தாலும்தான். அந்தத் தேதியைக் காப்பாற்ற ஒருங்கிணைப்பாளருக்கு ஜெனரலைவிட மேலே ஒருவருடைய கையெழுத்து தேவைப்படும். அதை முன்னதாகவே வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 7: மேலே எல்லாம் தெரிகிறது, கீழே ஒன்றும் தெரியவில்லை

2003 ஏப்ரல் தொடக்கத்தில் பாக்தாத்துக்குத் தென்மேற்கே யூப்ரடீஸ் ஆற்றின் மேல் இருந்த ஒரு முக்கியப் பாலத்தை அமெரிக்க டாங்கி பட்டாலியன் ஒன்று கைப்பற்றியது. அன்றிரவு இராக்கியப் படைகள் பெருமளவில் திரண்டு பதிலடி கொடுக்க வந்தன. மேல்மட்டத்தில் உளவு விமானங்களும் உணர்விகளும் ஏராளம். பாலத்தில் நின்ற பட்டாலியனுக்கோ, எதிரி நேரில் வந்து மோதும்வரை உருப்படியான எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை என்று அதன் தளபதியே பின்னர் சொன்னார். வெற்றி கிடைத்தது, டாங்கிகளால் கிடைத்தது.

இந்த அறிகுறியைப் பழுது என்று யாரும் புகார் தரமாட்டார்கள், ஏனென்றால் புகார் எழுதும் இடத்தில் திரை அழகாக இருக்கிறது. நீங்களே தேடிப்போகவேண்டும். மேல் தலைமையகத் திரையையும் கம்பெனித் தளபதியின் திரையையும் ஒரே நிமிடத்தில் படம் எடுத்து அருகருகே வையுங்கள். வேறுபாட்டுக்கு மூன்று காரணங்கள்தான்: குழாய் குறுகல், ரகசியத் தரம், பழக்கம். முதலாவது பணத்தால் தீரும். இரண்டாவதில், உளவுப் பிரிவின் வலையும் போர்முனை வலையும் வெவ்வேறு ரகசியத் தரத்தில் இருப்பதால் ஒருவர் பார்த்துத் தட்டச்சு செய்தே கீழே அனுப்பவேண்டியிருக்கும். இரவில் அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்று கேளுங்கள். மூன்றாவது, கீழே இருப்பவர் கேட்காமல் எதையும் தரக்கூடாது என்ற அலுவலகக் குணம். என் கணிப்பில் இந்த மூன்றாவதுதான் அதிகம்.

அறிகுறி 8: படையினர் கருவியை அணைத்துவிட்டுக் காகித வரைபடத்துக்குத் திரும்புகிறார்கள்

ஒழுங்கு நடவடிக்கைக்கு ஓடாதீர்கள். கருவியை அணைப்பவர் உங்களுக்கு இலவசமாகச் சோதனை அறிக்கை எழுதித் தருகிறார். போமேன் ரேடியோ வந்த புதிதில், இதைவிட ஒரு வரைபடமும் நோக்கியா போனும் மேல் என்று பிரிட்டிஷ் வீரர்கள் கேலி பேசினார்கள். அதன் எடையும் சூடும் அவர்கள் முதுகில்தான் இருந்தன.

எதிரியைக் கண்டதாக ஓர் அறிக்கை அனுப்ப எத்தனை முறை திரையைத் தொடவேண்டும் என்று எண்ணுங்கள். கையுறையோடு, ஓடும் வண்டியில், இரவில். வாய்வழியாக ஐந்து நொடியில் சொல்லக்கூடியதற்குத் திரையில் ஒரு நிமிடம் ஆகுமானால் வாய்தான் வெல்லும், வெல்லவும் வேண்டும். காகித வரைபடத்தைத் தடைசெய்யும் ஆணையை எங்காவது கண்டால் அதை முதலில் ரத்துசெய்யப் பாருங்கள். திரை அணைந்த நாளில் அதுதான் துணை.

கருவி பிடிக்காமல் சொந்தக் கைபேசியில் செய்திக் குழு நடத்துகிறார்கள் என்றால் விஷயம் வேறு; அது பாதுகாப்புப் பழுது, உடனே நிறுத்தவேண்டியது. ஆனால் நிறுத்தும் அதே நாளில், அந்தக் குழு நிறைவேற்றிய வேலையை வேறு எது செய்யும் என்றும் சொல்லியாகவேண்டும்.

அறிகுறி 9: கூட்டம் வாரந்தோறும் நடக்கிறது, பழுதுப் பட்டியல் மட்டும் குறையவில்லை

பட்டியலில் 'பொறுப்பு' என்ற பத்தியைப் பாருங்கள். இரண்டு பெயர் இருக்கும் வரிகளும், துறையின் பெயர் மட்டும் இருக்கும் வரிகளும் அசையாதவை. ஒரு வரிக்கு ஓர் ஆள்.

அதற்கும் அசையாவிட்டால் ஒருங்கிணைப்பாளரின் அதிகாரத்தைச் சோதியுங்கள். அமெரிக்கத் தரைப்படை 1994இலேயே டிஜிட்டல்மயத்துக்கென்று தனி அலுவலகம் தொடங்கியது. ஆனாலும் ரேடியோ ஒரு திட்ட மேலாளரிடம், டாங்கி இன்னொருவரிடம், மென்பொருள் மூன்றாமவரிடம் என்ற அமைப்பு எல்லாப் படைகளிலும் இன்றும் தொடர்கிறது. ஒவ்வொருவருக்கும் தனி நிதி, தனி காலக்கெடு. பணத்தை நிறுத்தி வைக்கும் உரிமையோ, குறைந்தபட்சம் 'இந்தப் பதிப்பு களத்துக்குப் போகாது' என்று சொல்லும் உரிமையோ இல்லாத ஒருங்கிணைப்பாளர் கூட்டக் குறிப்பு எழுதுபவர்தான்.

சிலசமயம் சரியான முடிவு பழுது நீக்குவது அல்ல, நிறுத்துவது. அமெரிக்காவில் வாகனங்களுக்கான கூட்டு ரேடியோத் திட்டம் 2011இல் கைவிடப்பட்டது; களத்துக்கே போய்விட்ட விண்-டி என்ற போர்க்களத் தொடர்பு வலைத் திட்டத்தின் இரண்டாம் கட்டக் கொள்முதல் 2017இல் நிறுத்தப்பட்டது. சிக்கலானது, பலம் வாய்ந்த எதிரியின் மின்னணுத் தாக்குதலைத் தாங்காது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். 2021இல் ஆஸ்திரேலியத் தரைப்படை தன் போர்க்கள மேலாண்மை மென்பொருளின் பயன்பாட்டைப் பாதுகாப்புக் கவலைகளால் நிறுத்தியது. நிறுத்தும் நாளில் படையினர் கையில் என்ன இருக்கும் என்பதற்குப் பக்கம் ஒன்றில் எழுதிய திட்டம் உங்கள் அலமாரியில் இருக்கட்டும்.

அறிகுறி 10: கைவிட்ட வாகனத்தின் குறி திரையில் நகர்கிறது

இதைப் பழுது பார்க்காதீர்கள். மேலே சொன்ன எந்தச் சோதனையும் இங்கே வேண்டாம். பழைய தரவு தாமதமாக வருகிறது என்ற விளக்கம் பத்தில் ஒன்பது முறை சரியாக இருக்கலாம். அந்தப் பத்தாவது முறைக்காகவே இந்த விதி. எதிரி கையில் உயிரோடு இருக்கும் ஒரு கருவி நம் முழுப் படத்தையும் அவருக்குக் காட்டும்.

உடனே செய்யவேண்டியது: அந்த முகவரியை வலையிலிருந்து வெட்டுவது, வசதி இருந்தால் தொலைவிலிருந்தே அதன் நினைவகத்தை அழிப்பது, மாற்றுச் சாவிக்கு அனைவரையும் மாற்றுவது, அந்த வாகனத்தின் பெயரில் கடைசியாக வந்த செய்திகளை நம்பாதே என்று குரல்வழி அறிவிப்பது. எந்த வரிசையில், யார் உத்தரவில் என்பது முன்பே எழுதியிருக்கவேண்டும். வெட்டும் அதிகாரம் பிரிகேட் சிக்னல் அதிகாரிக்கு மட்டும் இருந்தால், அவர் தூங்கும்போது அது யாருக்கு? மாற்றுச் சாவி முன்கூட்டியே எல்லா வண்டிகளிலும் ஏறியிருக்கிறதா, அல்லது அந்த இரவில்தான் ஹவில்தார் தாளோடு கிளம்பவேண்டுமா? அடுத்த பயிற்சியில் முன்னறிவிப்பின்றி ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்துவைத்து, எத்தனை நிமிடத்தில் அது வெட்டப்படுகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். வந்த எண்ணைத் தளபதியிடம் அன்று மாலையே கொடுத்துவிடுங்கள்.